இரைச்சலில் புதைந்த குறி



பூப்போட்ட துணியின் இரு துண்டுகளை இணைக்கும் தையற்காரரைக் கவனித்திருப்பீர்கள். ஒன்றன்மேல் ஒன்றை வைத்து மெல்ல நகர்த்தி, பூவோடு பூ பொருந்தும் இடத்தில் ஊசியைக் குத்துவார். எண்களாக்கப்பட்ட இரு அலைகளையும் இவ்வாறே நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் நேரெதிர் எண்களைப் பெருக்கிக் கூட்டுவதற்குக் குறுக்கு ஒட்டுறவு என்று பெயர். கூட்டுத்தொகை எங்கே ஓங்கி நிற்கிறதோ அங்கே அலைகள் பொருந்துகின்றன.

கைபேசி நாம் நிற்குமிடத்தை அறிவது இதனால்தான். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் ஜி.பி.எஸ். துணைக்கோள் ஒவ்வொன்றும், தனக்கேயுரிய 1,023 குறிகள் கொண்ட தொடரை, விநாடிக்கு ஆயிரம் முறை அனுப்பிக்கொண்டேயிருக்கிறது. தரையை எட்டும்போது அக்குறி இரைச்சலினும் மெலிந்துவிடுகிறது. அங்கே ஏதேனும் இருப்பதாகவே தோன்றாது. கைபேசி அத்தொடரின் பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு நகர்த்திப் பார்க்கிறது. பொருந்துமிடத்தில் குறிகள் ஒன்றோடொன்று கூடி உயர்கின்றன. இரைச்சலோ தனக்குள்ளேயே பெரும்பாலும் கழிந்துபோகிறது.

செலவைப் பாருங்கள். ஒரு முழுத் தொடருக்கு 2,048 மாதிரி எண்கள் எடுத்தால், 2,048 நகர்வுகள். நகர்வுக்கு 2,048 பெருக்கல்கள். ஏறத்தாழ 42 லட்சம்! துணைக்கோளின் ஓட்டத்தால் அதிர்வெண்ணும் பிறழ்வதால், இதையே பல அதிர்வெண்களுக்குத் திரும்பச் செய்யவேண்டும். சிறிய மின்கலம் என்ன செய்யும்?

வேறு வழி உண்டு. அலையை ஃபூரியே உருமாற்றத்தால் அதிர்வெண்களாகப் பிரியுங்கள். அலையை நகர்த்தினால் ஒவ்வோர் அதிர்வெண்ணின் வலிமையும் மாறுவதில்லை. கட்டம் மட்டுமே மாறுகிறது. ஆகவே ஒன்றின் உருமாற்றத்தை மற்றதன் இணைக் கலப்பெண்களால் உறுப்புக்கு உறுப்பு பெருக்கி, திருப்பி உருமாற்றினால், எல்லா நகர்வுகளுக்கும் விடை ஒருங்கே வந்துவிடும். ஆனால் உருமாற்றத்தையே நேர்முறையில் செய்தால் மீண்டும் 42 லட்சந்தான். 1965-இல் ஜேம்ஸ் கூலியும் ஜான் டூக்கியும் வெளியிட்ட விரைவு முறை இங்கே கைகொடுக்கிறது. (காஸ் 1805 வாக்கிலேயே இதை எழுதிவைத்திருந்தார், நெடுங்காலம் கவனிப்பாரில்லை.) 2,048-ஐப் பாதி பாதியாகப் பிரித்தால் 11 படிகள், படிக்கு 1,024 பெருக்கல்கள். பிரதியின் உருமாற்றத்தை முன்பே செய்து வைத்துக்கொண்டால், மற்ற இரண்டு உருமாற்றங்களும் இடைப்பெருக்கலும் சேர்ந்து 24,576. கலப்பெண் பெருக்கல் ஒன்றை நான்காக எண்ணினாலும் ஒரு லட்சத்தைத் தாண்டாது.

ஓர் எச்சரிக்கை. இம்முறை தொடரை வளையமாகக் கருதும். வால் தலையோடு சேர்ந்துவிடும். ஓயாது மீளும் துணைக்கோள் தொடருக்கு அது நன்மையே. ஒரே ஒருமுறை வரும் எதிரொலியைத் தேடும்போதோ, இல்லாத பொருத்தங்கள் முளைக்கும். அப்போது இரு தொடர்களின் இறுதியிலும் பூஜ்யங்களைச் சேர்த்து, நீளங்களின் கூட்டுத்தொகைக்கு ஒன்று குறைந்த அளவுக்கேனும் நீட்டிவிட வேண்டும்.

சில நகர்வுகளே போதுமெனில் பழைய வழியே மேல். ஜி.பி.எஸ். கருவிகளும் பொருத்தத்தை ஒருமுறை கண்டுகொண்டபின், சற்று முன், சரியான இடம், சற்றுப் பின் என மூன்றே இடங்களை நேராகப் பெருக்கிப் பார்த்தபடி குறியைத் தொடர்வது வழக்கம்.