அலபாமாவின் கரிசல் நிலம்



ஒரு நாட்டை அறிய விரும்புவோர் முதற்கண் அந்நாட்டின் மண்ணை அறிதல் வேண்டும் என்று பூகோள ஆசிரியர்கள் கூறுவதுண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பில் இதனைச் சொல்லி வந்த நான், பணி ஓய்வு பெற்ற பின்னர் ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாநிலத்தில் சில நாட்கள் பயணம் செய்தேன். இக்கூற்றுக்கு அதனினும் சிறந்த சான்றை நான் கண்டதில்லை. அம்மாநிலத்தின் வரலாற்றையும், அங்குச் செல்வோர் அறிந்திருக்க வேண்டியவற்றையும் இன்று சுருக்கமாகக் கூறுகிறேன்.

அலபாமாவுக்கு வடக்கே டென்னசி, கிழக்கே ஜார்ஜியா, மேற்கே மிசிசிப்பி ஆகிய மாநிலங்களும், தெற்கே ஃபுளோரிடாவும் மெக்சிகோ வளைகுடாவும் எல்லைகளாக உள்ளன. பரப்பு சுமார் 1,35,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழகத்தைவிடச் சற்றே பெரிது. ஆனால் மக்கள் தொகையோ, 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஏறத்தாழ 50 இலட்சமே. 1819இல் அமெரிக்க ஒன்றியத்தின் 22ஆவது மாநிலமாக இது சேர்க்கப்பட்டது. தலைநகர் மாண்ட்கோமரி.

மாநிலத்தின் நடுவே, கிழக்கு மேற்காக ஓர் ஒட்டியாணம் போலக் கருநிற மண் பரந்து கிடக்கிறது. அதனை அந்நாட்டார் ‘பிளாக் பெல்ட்’ என்பர். நாம் கரிசற்பட்டை எனலாம். பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அப்பகுதி கடலடியில் இருந்தது. கண்ணுக்குப் புலனாகாத கடலுயிர்களின் ஓடுகள் அடியிற் படிந்து சுண்ணப் பாறையாயின. கடல் விலகிய பின்னர், அப்பாறை சிதைந்து வளமிக்க கரிய மண்ணாயிற்று. கரிசலில் பருத்தி நன்கு விளையும் என்பதை நம் கோவில்பட்டி, விருதுநகர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

பருத்தி விளைந்தது, ஆனால் அதனை விளைவித்தவர்கள் அடிமைகள். 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அலபாமாவில் சுமார் 4,35,000 பேர் அடிமைகளாக இருந்தனர். அஃதாவது, மக்களில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பேர். அவருள் மிகப் பலர் இக்கரிசற்பட்டையிலேயே உழைத்தனர். பருத்திப் பொதிகள் ஆற்று வழியே தெற்கிலுள்ள மொபீல் துறைமுகத்தை அடைந்தன. பிரெஞ்சுக்காரர் 1702இல் தோற்றுவித்த பழைய ஊர் அது. வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொணர்வது 1808 முதலே சட்டவிரோதமாக இருந்தும், 1860இல் ‘க்ளோடில்டா’ என்னும் கப்பல் ஆப்பிரிக்காவிலிருந்து நூற்றுக்கு மேற்பட்டோரை இரகசியமாக இங்குக் கொண்டு வந்தது. குற்றத்தை மறைக்கக் கப்பலை எரித்து மூழ்கடித்தனர். அதன் சிதைவு இன்னதென 2019இல் உறுதி செய்யப்பட்டது. அக்கப்பலில் வந்தோர் விடுதலை பெற்றபின் அமைத்துக்கொண்ட ‘ஆப்பிரிக்கா டவுன்’ என்னும் குடியிருப்பை இன்றும் மொபீலில் காணலாம்.

1861இல் அடிமை முறையைக் காக்க விரும்பிய தென் மாநிலங்கள் பிரிந்து சென்றபோது, மாண்ட்கோமரியே அவற்றின் முதல் தலைநகராயிற்று. போரில் அவை தோற்றன. 1865இல் அடிமை முறை ஒழிந்தது. ஆயினும் கறுப்பின மக்கள் வாக்களிக்க முடியாதவாறு பற்பல தடைகள் பின்னர் எழுப்பப்பட்டன. பேருந்தில்கூட அவர்களுக்குத் தனி இருக்கைகளே.

1955 டிசம்பர் முதல் நாளன்று, ரோசா பார்க்ஸ் என்னும் அம்மையார் வெள்ளையர் ஒருவருக்காகத் தம் இருக்கையை விட்டு எழ மறுத்தார், கைது செய்யப்பட்டார். அதனை எதிர்த்து அந்நகரக் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்துகளைப் புறக்கணித்தனர். பலர் நடந்தே வேலைக்குச் சென்றனர். இறுதியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அவர்கள் பக்கம் நின்றது. அவர்களுக்குத் தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங்குக்கு அப்போது வயது இருபத்தாறே. காந்தியடிகளின் அறவழியைப் போற்றிய அவர், 1959இல் நம் நாட்டுக்கும் வந்தார்.

கரிசற்பட்டையில் உள்ள செல்மா நகரை மாணவர்கள் மறவாது காண வேண்டும். செல்மாவுக்கும் மாண்ட்கோமரிக்கும் இடைப்பட்ட லவுண்ட்ஸ் வட்டாரத்தில் பெரும்பான்மையோர் கறுப்பின மக்கள். எனினும் 1965இன் தொடக்கத்தில் அவருள் ஒருவர் பெயரேனும் வாக்காளர் பட்டியலில் இல்லை. அவ்வாண்டு மார்ச் 7ஆம் நாள், வாக்குரிமை வேண்டிப் புறப்பட்ட சுமார் 600 பேரைச் செல்மாவின் பாலத்தருகே காவலர்கள் தடியால் அடித்து விரட்டினர். அவர்கள் அஞ்சவில்லை. 21ஆம் நாள் மீண்டும் புறப்பட்டு, 54 மைல் நடந்து, 25ஆம் நாள் தலைநகர் சேர்ந்தனர். பிரிந்து சென்ற தென் மாநிலங்களின் தலைவர் 1861இல் பதவியேற்ற அதே அரசு மாளிகையின் முன் அவ்வணி வந்து நின்றது. ஆகஸ்டு 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் பிறந்தது.

இனி, பயணத்திற்குரிய சில குறிப்புகள். பெரும்பாலோர் விமானத்தில் அட்லாண்டா நகரில் இறங்கிச் சாலை வழியே செல்வர். மாண்ட்கோமரி அங்கிருந்து சுமார் 260 கிலோமீட்டர். ஜார்ஜியா எல்லையைக் கடந்ததும் கடிகாரத்தை ஒரு மணி பின்னே திருப்புக. ஊர்களுக்கிடையே பேருந்து வசதி குறைவு. காரின்றிச் சுற்றிப் பார்ப்பது அரிது. கோடையில் வெப்பமும் புழுக்கமும் நம் கடற்கரை ஊர்களை ஒக்கும். மார்ச்சு முதல் மே வரையிலும், மீண்டும் நவம்பரிலும் சூறாவளிச் சுழற்காற்று மிகுதி. 2011 ஏப்ரல் 27ஆம் நாள் ஒன்றில் மட்டும் இருநூறுக்கு மேற்பட்டோர் இங்கு மாண்டனர். ஆதலின் தங்கும் இடத்தில் பாதுகாப்பான அறை எதுவென முதலிலேயே கேட்டறிக. சைவ உணவினர் கீரை, அவரை ஆகியவற்றையும் விசாரித்தே உண்க. அவற்றிலும் பன்றி இறைச்சி சேர்ப்பது அங்குள்ள வழக்கம். அறிவியல் பயில்வோர் வடக்கே ஹண்ட்ஸ்வில்லுக்குச் சென்றால், மனிதனைச் சந்திரனுக்கு அனுப்பிய சாட்டர்ன் 5 ஏவுகலத்தின் வகையில் ஒன்றை நேரிற் காணலாம்.

ஆயினும் நான் உங்களைப் பார்க்கச் சொல்வது லவுண்ட்ஸ் வட்டாரத்தையே. அங்குள்ள கரிய களிமண் நீரை எளிதில் உட்கொள்வதில்லை. கழிவுநீர்த் தொட்டிகள் நிரம்பி, அழுக்கு நீர் வீட்டு முற்றத்திலேயே தேங்குகிறது. ஏற்ற தொட்டி அமைக்கப் பொருளற்ற ஏழைக் குடும்பங்கள் உலகின் செல்வமிக்க நாட்டில் இன்றும் இவ்வாறு அல்லலுறுகின்றன. ஒரு காலத்தில் சிலரைச் செல்வராக்கிய அதே மண், அதில் உழைத்தோரின் பேரப்பிள்ளைகளுக்கு இந்நிலையைத் தந்துள்ளது. மண்ணின் மீது பழி இல்லை. அதனை ஆண்ட மனிதர் வகுத்த முறையே காரணம்.

எனவே, எந்த ஊருக்குச் சென்றாலும் அங்குள்ள மாளிகைகளைக் காணுமுன், இந்த மண்ணில் விளைந்தது எது, விளைவித்தவர் யார், பயன் பெற்றவர் யார் என்னும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். அலபாமாவில் மட்டுமன்று, உங்கள் சொந்த ஊரிலும் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.