வழிப்போக்கர் கழிவும் நம் குளத்து நீரும்

(ஆலங்குளத்தில் ஊராட்சி மன்றத் தலைவர்கள், உறுப்பினர்கள், விவசாயிகள் ஆகியோர் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)

 

பேசுவதற்குக் கூச்சமான ஒரு பொருளைப் பற்றி இன்று பேச முன்வந்திருக்கிறேன். சாலை, பள்ளிக்கூடம், கிணறு, உரம் என்றால் நாம் மணிக்கணக்கில் பேசுவோம். மனிதக் கழிவு என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நேரத்தில்தான் அது ஓடைக்கும் குளத்திற்கும் போய்ச் சேருகிறது. ஆகவே கூச்சத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு இதைக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

நமது ஆலங்குளம், திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் ஏறத்தாழ நடுவே நெடுஞ்சாலையின்மீது அமைந்த ஊர். ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் குற்றாலத்துச் சாரலை நாடி வருவோர் இவ்வழியே செல்கின்றனர். கார்த்திகையிலும் மார்கழியிலும் சபரிமலைக்குச் செல்லும் ஐயப்ப பக்தர்கள் செங்கோட்டைக் கணவாயை நோக்கி இவ்வழியே போகின்றனர். தைப்பூசத்தையொட்டித் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை செல்வோர் இதே சாலையில் நடந்து வருகின்றனர். வருவோரால் நமது கடைகளுக்கு வியாபாரமும் காய்கறிச் சந்தைக்குப் பெயரும் உண்டு. அவர்களை நாம் வரவேற்கிறோம்.

இவர்களோடு ஒரு புதுவகைப் பயணிகளும் சேர்ந்துள்ளனர். படுக்கை, அடுப்பு, கழிப்பிடம் யாவும் வண்டிக்குள்ளேயே அமைந்த கேரவன் வண்டிகளில் குடும்பத்தோடு வருவோர் அவர்கள். மலைக்கு அப்பால் உள்ள கேரள மாநிலம் 2021-ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவிற்கென்றே ஒரு கொள்கையை வகுத்தது. அங்கிருந்து புறப்படும் ஒரு வண்டி குற்றாலத்தில் நீராடி, ஆலங்குளத்தைக் கடந்து திருச்செந்தூர் சென்று, கடலோரமாகவே உவரி, கன்னியாகுமரி வழியாகத் திருவனந்தபுரம் திரும்பலாம். அருமையான பயணந்தான். ஆனால் அவ்வண்டியின் கழிப்பிடத்தில் சேர்ந்ததை எங்கே இறக்குவது? இத்தகைய வண்டிகளில் இழுத்து எடுக்கும் சிறு கழிவுப் பெட்டி ஒன்று இருக்கும். அது ஏறத்தாழ 20 லிட்டர் கொள்ளும். ஒரு குடும்பத்திற்கு இரண்டு, மூன்று நாட்களில் நிரம்பிவிடும். நிரம்பியதும் ஓட்டுபவர் சாலையின் இருமருங்கிலும் பார்க்கிறார். இறக்குமிடம் என்ற பலகை எங்கும் இல்லை. ஓர் ஓடைப் பாலமே கண்ணில் படுகிறது.

சாலையும் ஆறும் ஒரே திசையில்

கேரவன் வண்டிகள் சிலவே வருகின்றன. அதற்காக நாம் கவலைப்படுவானேன் என்று சிலர் நினைக்கலாம். அவ்வண்டி எழுப்பும் கேள்வியை நம் வீட்டு வாசலில் வைத்துப் பாருங்கள். நம் ஊர்களில் வீடுதோறும் கழிவுநீர்த் தொட்டி கட்டியிருக்கிறோம். அத்தொட்டியை இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை காலி செய்ய வேண்டும். இல்லையேல் அடியில் கசடு நிறைந்து, தெளியாத நீர் வெளியேறிவிடும். காலி செய்ய லாரி வருகிறது, உறிஞ்சிக்கொண்டு போகிறது. வீட்டுக்காரர் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார். லாரி எங்கே போயிற்று என்று அவர் கேட்பதில்லை.

ஓர் ஊராட்சியில் 600 தொட்டிகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை காலி செய்தால் ஆண்டுக்கு 200 நடை. ஒரு நடைக்கு 4,000 லிட்டர் என்றால் 8 லட்சம் லிட்டர் கழிவு. ஒரே லாரியின் ஒரு நடை, 200 கேரவன் வண்டிகளின் பெட்டிகளுக்குச் சமம். பயணியின் கழிவும் நம்முடைய கழிவும் கேட்பது ஒன்றையே: இறக்குவதற்கு ஓர் இடம்.

இடம் இல்லாதபோது என்ன நேருகிறது? குற்றாலத்து மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசி, வீரகேரளம்புதூர், கங்கைகொண்டான் வழியே ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. தாமிரபரணி புன்னைக்காயலில் கடலை அடைகிறது. நாம் கடற்கரைக்குப் போகும் திசையிலேயே நம் தண்ணீரும் போகிறது. மேற்கே ஓடையில் கொட்டியது கிழக்கே ஒருவர் வீட்டுக் குடத்தில் ஏறுகிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் எண்ணற்ற ஊர்கள் தாமிரபரணி நீரையே குடிக்கின்றன. காலரா, சீதபேதி, குடற்காய்ச்சல், மஞ்சள் காமாலை ஆகியவை இவ்வழியாகவே பரவுகின்றன. நம் வட்டாரமோ கிணற்றை நம்பிய வட்டாரம். குளத்தில் நிற்கும் நீர் மண்ணில் இறங்கித்தான் நமது கிணறுகளில் ஊறுகிறது. குளத்தைக் கெடுத்துவிட்டுக் கிணற்றைக் காப்பாற்ற இயலாது.

தண்டனை மட்டும் போதாது

சட்டம் இல்லாமலில்லை. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் ஓடையிலும் கிணற்றிலும் கழிவைக் கலப்பதைத் தடை செய்கிறது. 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவமனைக் கழிவுகள் லாரிகளில் கொண்டுவரப்பட்டுத் திருநெல்வேலிக்கு அருகே நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கொட்டப்பட்டதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டதன் பேரில், அம்மாநில அதிகாரிகளே வந்து அவற்றை அள்ளிச் சென்றனர். ஊர் மக்கள் கண்டுபிடித்து உரக்கச் சொன்னால் நியாயம் கிடைக்கும் என்பதற்கு அது சான்று.

எனினும் ஒன்றை நாம் நடுநிலையோடு சிந்திக்க வேண்டும். பிறர் கழிவு நம் ஊருக்கு வந்தால் கொதித்தெழுகிறோம். நம் கழிவை ஏற்றிச் சென்ற லாரி அடுத்த ஊர்க் குளத்தில் திறந்துவிட்டால்? லாரிக்காரர் வேண்டுமென்றே தீமை செய்கிறவர் அல்லர். டீசல் செலவும் நேரமும் பார்க்கிறார். முறையாக இறக்க அருகில் இடம் இல்லை. இடம் காட்டாமல் அபராதம் மட்டும் விதித்தால், பகலில் கொட்டியவர் இரவில் கொட்டுவார். நம் குளத்தில் கொட்டியவர் அண்டை ஊர்க் குளத்தில் கொட்டுவார். முதலில் இடம், அதன்பின் கட்டுப்பாடு, அதையும் மீறினால் தண்டனை. நான் இன்று வற்புறுத்திக் கூறுவது இவ்வரிசையைத்தான்.

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்ததால் இன்றும் அவர் பெயரால் சாலைகள் வழங்குகின்றன. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாகச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். தலைச்சுமையோடு வருபவன் பிறர் உதவியின்றி இறக்கி இளைப்பாறுவதற்காக அதை நட்டார்கள். வழிப்போக்கன் எங்கே உண்பான், எங்கே உறங்குவான், எங்கே சுமையை இறக்குவான் என்று ஊரார் எண்ணினார்கள். இன்றைய வழிப்போக்கன் இறக்க வேண்டிய சுமை வேறு. எண்ண வேண்டிய கடமை அதேதான்.

பிற இடங்களில் கண்ட வழி

ஆஸ்திரேலியாவில் கடலோரச் சாலை நெடுகிலும் கேரவன் வண்டிகள் ஓடுகின்றன. அங்குள்ள சிற்றூர்கள் பல, பயணிகள் கழிவை இறக்குவதற்கென ஓர் இடத்தை அமைத்து, ஊர் எல்லையிலேயே பலகை நட்டிருக்கின்றன. இறக்க வருபவர் ஊருக்குள் வந்து ரொட்டியும் எண்ணெயும் வாங்கிச் செல்வார் என்பது அவர்கள் கணக்கு. அமைப்பும் எளிது: நடுவே சரிந்த சிமெண்டுத் தளம், மூடியுள்ள துளை, பெட்டியைக் கழுவ ஒரு குழாய், "இது குடிநீர் அன்று" என்ற எச்சரிக்கை. கேரவன் பெட்டியில் நாற்றம் போக்க ஊற்றும் மருந்துகளில் சில, தொட்டியில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களைக் கொல்லும் தன்மையன. ஆகையால் அதை ஒரு வீட்டின் சிறு தொட்டியில் ஊற்ற அனுமதிக்கலாகாது. தனியாக மூடிய தொட்டியில் சேர்த்துச் சுத்திகரிப்பு நிலையத்திற்கு அனுப்புவதே முறை.

நம் நாட்டு உதாரணமும் உண்டு. நெடுங்காலம் ரயில் வண்டியின் கழிவு தண்டவாளத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து ரயில்வே நிர்வாகம் உயிரிக் கழிப்பிடத்தை உருவாக்கி, 2010-களில் பெட்டிதோறும் அதைப் பொருத்தியது. பெட்டியின் அடியில் உள்ள தொட்டியில் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. இத்தனை ஆயிரம் பெட்டிகளில் முடிந்தது, ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் முடியாதா?

லாரியில் வரும் கசடுக்கும் வழி கண்டிருக்கிறார்கள். கர்நாடகத்தில் தேவனஹள்ளியில் 2015-ஆம் ஆண்டும், நமது மாநிலத்தில் செங்கல்பட்டை அடுத்த கருங்குழி பேரூராட்சியில் 2017-ஆம் ஆண்டும் கசடுக் கழிவுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கத் தொடங்கின. அங்கே லாரி தன் கழிவை இறக்குகிறது. கசடு மணற் படுகையில் பரவி வெயிலில் காய்கிறது. வடிந்த நீர் தனியே சுத்திகரிக்கப்படுகிறது. இதற்கு மாபெரும் இயந்திரம் வேண்டியதில்லை. இடமும் வெயிலும் ஒழுங்கான மேற்பார்வையும் வேண்டும். வெயிலுக்கு நம் வட்டாரத்தில் பஞ்சம் இல்லை.

நாம் செய்ய வேண்டுவன

முதலாவதாக, கணக்கு வேண்டும். ஒவ்வோர் ஊராட்சியும் தன் எல்லையில் எத்தனை கழிவுநீர்த் தொட்டிகள் உள்ளன, எவை கடைசியாக எப்போது காலி செய்யப்பட்டன என்பதை ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். குடிநீர்க் கிணற்றிலிருந்து உறிஞ்சு குழி 18 மீட்டர், அதாவது ஏறத்தாழ 60 அடி தள்ளி இருக்கிறதா என்பதையும் உடன் பார்க்க வேண்டும்.

இரண்டாவதாக, லாரிகளைப் பதிவு செய்ய வேண்டும். வண்டி எண், உரிமையாளர், ஒவ்வொரு நடையும் இறக்கிய இடம் ஆகியவை சீட்டில் எழுதப்பட வேண்டும். இறக்கியதற்கான சீட்டைக் கண்ட பின்னரே வீட்டுக்காரர் முழுத் தொகையையும் கொடுப்பது என்று ஊர்க் கட்டுப்பாடு செய்துகொள்ளலாம்.

மூன்றாவதாக, இறக்குமிடம். திருநெல்வேலி மாநகராட்சிக்கு இராமையன்பட்டியில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அத்தகைய நிலையத்தில் கசடை இறக்குவதற்கு எழுத்து மூலம் உடன்பாடு கோருவது உடனடியாக எடுக்கக்கூடிய அடி. நீண்ட காலத்திற்கு, பல ஊராட்சிகளும் பேரூராட்சியும் கூடி நமக்கென ஒரு நிலையம் அமைப்பதே சிறந்தது. உள்ளாட்சிகள் குழுவாகச் சேரலாம் என்று தமிழக அரசு 2014-ஆம் ஆண்டிலேயே நெறிமுறை வகுத்தது. 2020-இல் தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டமும் கசடுக் கழிவைச் சேர்த்துக்கொண்டது. இடம் தேர்வு செய்யும்போது, தன் ஊரில் வேண்டாம் என்று எல்லோரும் சொல்வது இயல்பு. அவ்வூரார் ஒரு பஸ்ஸில் சென்று இயங்கும் நிலையம் ஒன்றைக் கண்ணால் கண்டு வரட்டும். அதன்பின் கிராம சபையில் விவாதிக்கட்டும்.

நான்காவதாக, பருவ காலங்களில் நெடுஞ்சாலையோரம் தற்காலிகக் கழிப்பிடங்கள் வேண்டும். குறிப்பாகப் பெண் பயணிகள் படும் துன்பத்தைத் தாய்மார்களே அறிவார்கள். தண்ணீர், விளக்கு, தாழ்ப்பாள், துப்புரவு, மூடிய தொட்டி ஆகிய ஐந்தும் இருந்தால்தான் அது கழிப்பிடம். அதனருகிலேயே கேரவன் வண்டிகளுக்கு மேற்கூறியபடி ஓர் இறக்குமிடமும், தொலைவிலேயே தெரியும் பலகையும் வைத்துச் சிறு கட்டணம் வாங்கலாம். ஊராட்சிக்கு வருவாய், ஓடைக்குக் காப்பு.

ஐந்தாவதாக, மனித உயிர். 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி, பாதுகாப்பின்றி எவரையும் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவது குற்றம். முதல் முறை குற்றத்திற்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். இத்தகைய மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. தொகை எவ்வளவாயினும் போன உயிர் திரும்புவதில்லை. தொட்டியில் தேங்கும் நச்சுக் காற்று, உள்ளே இறங்கியவரையும் அவரைக் காப்பாற்றப் பாய்ந்தவரையும் சேர்த்தே கொல்லும். "ஒரு நிமிடந்தானே" என்று சொல்லி எவரையும் இறக்காதீர்கள்.

உழவர்களுக்கு ஒரு சொல்

லாரிக்காரர் வந்து, "உங்கள் நிலத்தில் இறக்கிவிடுகிறேன், காசில்லாமல் எரு கிடைக்கும்" என்று சொல்லக்கூடும். மனிதக் கழிவில் எருச்சத்து உண்டு என்பது உண்மை. ஆனால் பச்சையாகக் கொட்டிய கழிவில் குடற்புழுக்களின் முட்டைகள் உயிரோடிருக்கும். அவை மண்ணில் பல மாதங்கள் சாகாமல் கிடக்கும். அந்நிலத்தில் விளைந்த தக்காளியும் கத்தரியும் வெண்டையும் நமது சந்தையிலிருந்துதான் பல ஊர்களுக்குப் போகின்றன. அள்ளிப் பழகும் உழவரின் கையும் காலுமே முதலில் பாதிக்கப்படும். சுத்திகரித்து, நம் போன்ற வெப்ப நாட்டில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து பதப்படுத்திய கசடே நிலத்திற்கு ஏற்றது என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட நெறிமுறை. நிலையம் அமைந்தால் அத்தகைய நல்ல எருவும் கிடைக்கும். அதுவரை பச்சைக் கழிவை நிலத்தில் இறக்க இடங்கொடாதீர்கள்.

பெரியோர்களே! 1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் நாட்டில் தொடங்கியபோது, கிராம சேவகர்கள் வீடு வீடாகச் சென்று உரக்குழியும் உறிஞ்சு குழியும் வெட்டக் கற்பித்தார்கள். அன்று சிரித்தவர்களும் பின்னர் வெட்டினார்கள். இன்று நாம் வெட்ட வேண்டியது ஒரு வீட்டுக்கான குழி அன்று. ஒரு வட்டாரத்திற்கான ஏற்பாடு. அதைத் தனி வீடு செய்ய இயலாது. ஊராட்சியே செய்ய வேண்டும்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் ஒவ்வோர் ஊராட்சியும் மூன்று கேள்விகளை எழுப்ப வேண்டுகிறேன். நம் ஊரில் எத்தனை தொட்டிகள்? அவற்றை யார் காலி செய்கிறார்? அவர் எங்கே இறக்குகிறார்? மூன்றாவது கேள்விக்கு விடை கிடைக்காத ஊரில், குளத்துக் கரையையும் ஓடைப் பாலத்தையும் மறுநாள் காலையிலேயே போய்ப் பாருங்கள். கண்டதை எழுதி ஒன்றிய அலுவலகத்திற்கு அனுப்புங்கள். அந்தத் தாள்களை ஒன்றுசேர்த்து, இறக்குமிடத்திற்கான திட்டத்தை உங்கள் முன்னிலையிலேயே வகுப்போம்.