விழுந்தாலும் ஓடும் கடிகாரம்

மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் நெடுங்காலம் நேரத்தை அறிவித்தது கடிகாரம் அன்று, தப்பு. விடியுமுன் தப்பொலி எழும். லயன்களில் விளக்குகள் எரியும். குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆட்கள் பிரட்டுக்களத்தில் வந்து கூடுவர். பேர் பதிவதும், யார் எந்த மலைக்குப் போவது என்று பிரிப்பதும் அங்கேயே நடக்கும். பிந்தி வந்தவர் அன்றைய பேரையே இழக்க நேரிடும். ஆனால் தப்படிக்க வேண்டிய வேளை எது என்று சொல்லும் கடிகாரமோ, துரையிடமும் அவருக்கு அடுத்த உத்தியோகத்தர்களிடமும் இருந்தது. நேரம் ஒருவர் கையில், உழைப்பு மற்றொருவர் கையில் என்பதே அன்றைய நிலை. உழைப்பவர் கையிலும் ஒரு கடிகாரம் ஏறுமானால், பிரட்டுக்கு வந்த நேரமும் மலையிலிருந்து இறங்கும் நேரமும் பிறர் வாய்ச்சொல்லாக மட்டும் இராமல், அவரே பார்த்துச் சொல்லக்கூடியவை ஆகிவிடும். மலையகத்தில் கைக்கடிகாரத்துக்கு இருந்த மதிப்பை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட இயலாமைக்குக் காரணம் இதுவே.

தோட்டத்தார் ஸ்டோர் என்று வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையில் நேரத்தின் ஆட்சி இன்னும் கடுமையானது. கொழுந்து ஏறத்தாழ 12 மணி முதல் 18 மணிநேரம் வரை வாட வேண்டும். உருட்டும் இயந்திரத்தில் ஒவ்வோர் உருட்டலுக்கும் இத்தனை நிமிடம் என்று கணக்கு உண்டு. அதன்பின் இலை நிறம் மாறிப் பதமாகும் வேளை வருகிறது. அது குறைந்தால் தேநீரில் பச்சை வாடை அடிக்கும். கூடினால் சுவையின் துடிப்பு அடங்கிவிடும். தேயிலைப் பதம் பார்ப்பவர் மூக்கை நம்புகிறார் என்பது உண்மைதான். ஆயினும் மூக்கோடு கடிகாரத்தையும் அவர் பார்க்காமல் இருப்பதில்லை.

இருப்புப்பாதை 1884 ஆம் ஆண்டில் ஹட்டனையும், 1885 இல் நானுஓயாவையும் எட்டியபோது, நிமிடக் கணக்கான நேரம் மலைக்கு வந்து சேர்ந்தது. அக்காலத்துக் கடிகாரம் சட்டைப்பையில் சங்கிலியோடு கிடந்தது. பை அதற்குத் தொட்டில் போன்றது. துணியும் உடலும் சேர்ந்து பல இடிகளைத் தாங்கிக்கொள்ளும். முதல் உலகப் போரின்போது கடிகாரம் பெருவாரியாக மணிக்கட்டுக்கு ஏறியது. அத்தோடு அதன் தொல்லையும் தொடங்கியது. மனித உடலில் மிகுதியாக வீசப்படுவதும், கதவு நிலையிலும் கல்லிலும் முட்டுவதும் கைதான் அன்றோ?

இங்கே ஒரு தற்செயலைக் குறிப்பிடலாம். ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காத்லாந்துக்காரர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட அதே 1867 ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்தில் ரோஸ்கோப் என்பவர் உழைப்பாளிக்கென்று ஒரு மலிவுக் கடிகாரத்தைச் செய்து வெளியிட்டார். ஒரு தொழிலாளியின் ஒரு வாரக் கூலியான 20 பிராங்குக்கு அது கிடைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். உறுப்புகளைக் குறைத்து, விலையைக் குறைத்தார். எண்ணம் நல்லதே. எனினும் உழைப்பாளியின் கை தாங்கும் இடியைக் கடிகாரமும் தாங்குவதற்கு வழி பிறக்க மேலும் பல ஆண்டுகள் சென்றன.

இடி எங்கே விழுகிறது? கைக்கடிகாரத்தின் உயிர்நிலை பாலன்ஸ் சக்கரம். அது முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறது. பழைய கடிகாரங்களுள் பலவற்றில் அதன் துடிப்பு மணிக்கு 18,000, நாளொன்றுக்கு 4,32,000, ஆண்டுக்கு 15 கோடிக்கு மேல். இச்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் இரு முனைகளும் ஏறத்தாழத் தலைமயிரின் கனமே உடையவை. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதனினும் குறைவு. துளையிட்ட செயற்கை மாணிக்கக் கல்லுக்குள் அம்முனை சுழல்கிறது. இன்னொரு கல் மூடிபோல் நின்று முனையின் நுனியைத் தாங்குகிறது. கல் மிகக் கடினமானது, அத்துடன் எளிதில் விண்டுபோகவும் கூடியது. முனையின் எஃகும் கடினமாக்கப்பட்டது. எனவே பெரிய இடி வந்தால் இரண்டில் ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். முனை ஒடியும் அல்லது வளையும். சிலபோது கல் வெடிக்கும்.

அப்படியானால் முனையைத் தடிப்பாகச் செய்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் சிக்கல் இருக்கிறது. முனை தடித்தால் உராய்வு கூடும். ஒரு நாளுக்குச் சாவி கொடுத்த சிறு வில்லின் வலிமை எவ்வளவு? அதிலே உராய்வுக்குப் பங்கு கூடினால் சக்கரத்தின் வீச்சு சுருங்கும். கடிகாரம் படுத்திருக்கும்போது ஒரு நேரமும், நிமிர்ந்திருக்கும்போது வேறு நேரமும் காட்டும். நேரம் சரியாக இருக்க வேண்டுமெனில் முனை மெலிந்திருக்க வேண்டும். முனை பிழைக்க வேண்டுமெனில் தடித்திருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே கடிகாரத் தொழில் நெடுங்காலம் தவித்தது.

இடியின் அளவைச் சிறு கணக்கொன்றால் காணலாம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஏறத்தாழ இடுப்பு உயரத்திலிருந்து, கடிகாரம் ஸ்டோரின் சீமெந்துத் தரையில் விழுகிறது என்று கொள்வோம். அது அரை மில்லிமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுமானால், விழுந்த உயரத்தை நின்ற தூரத்தால் வகுக்க, 2,000 வரும். அந்தக் கணத்தில் ஒவ்வோர் உறுப்பும் தன் எடையைப்போல் 2,000 மடங்கு பாரமாகிறது. பாலன்ஸ் சக்கரம் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கே இருந்தாலும், மயிரிழை முனைகள் 200 கிராம் பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கும். அதே கடிகாரம் மடித்துப்போட்ட கம்பளிமேல் விழுந்து இரண்டு சென்டிமீட்டர் அமுங்கி நின்றால், மடங்கு 50 தான். பாரம் ஐந்தே கிராம். உயரம் ஒன்று, கடிகாரம் ஒன்று. வேறுபாடு முழுவதும் நிற்கும் தூரத்தில் இருக்கிறது. மழையில் ஊறிய தேயிலை மலையின் மண்ணில் தவறி விழுந்த கடிகாரம் பிழைத்துக்கொள்வதும், லயன் வாசற்படியில் விழுந்தது நின்றுபோவதும் இதனாலேயே.

நிற்கும் தூரத்தைக் கூட்டுவதே வழி என்பதை முதலில் செயலிற் காட்டியவர் அபிரகாம் லூயி பிரெகே. 1747 இல் நியூஷாட்டலில் பிறந்து, பாரிஸ் நகரில் தொழில் நடத்திய பெருந்தச்சர். அவர் 1790 ஆம் ஆண்டை ஒட்டிப் பாலன்ஸ் தண்டின் முனையைக் கூம்பாகத் தீட்டி, அதைத் தாங்கும் கல்லை அசையாத தகட்டில் பதிக்காமல், வளைந்து கொடுக்கும் மெல்லிய வில்லின் நுனியில் அமைத்தார். பாரசூட் என்ற பொருள்பட அதற்குப் பெயரிட்டார். டாலிராண்ட் பிரபுவின் இல்லத்தில் விருந்தினர் முன்னிலையில் தம் கடிகாரத்தைத் தரையில் போட்டு எடுத்துக் காட்டினார் என்று ஒரு கதையும் வழங்குகிறது. கதை எப்படியாயினும், கருத்து மெய்யானது. மெலிந்ததை வலிதாக்க அவர் முயலவில்லை. மெலிந்ததைத் தாங்குவது சற்று விலகிக் கொடுக்குமாறு செய்தார்.

ஆயினும் அது செல்வர்களின் கடிகாரத்துக்கே உரியதாயிற்று. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யத்தக்க வடிவம் 1930களில்தான் பிறந்தது. சுவிட்சர்லாந்தின் லா ஷோ-டி-போன் நகரில் உருவான இன்காபிளாக் என்ற அமைப்பு அது. அதன் வேலை நுட்பமானது. சற்று நின்று பார்ப்பது நன்று.

முனையைத் தாங்கும் துளைக்கல்லும் மூடிக்கல்லும் ஒரு சிறு கிண்ணத்தில் அமர்ந்திருக்கின்றன. அந்தக் கிண்ணம் தகட்டில் இறுக்கப்படவில்லை. சரிவான ஓர் இருக்கையில் அமர்ந்திருக்கிறது. மேலிருந்து யாழ் வடிவான மெல்லிய வில் ஒன்று அதை அழுத்திப் பிடித்திருக்கிறது. பக்கவாட்டில் இடி வந்தால் கிண்ணம் சரிவின்மேல் ஏறி நகர்கிறது. நகர்ந்த அளவுக்கு முனை தப்பிக்கிறது. அதற்குமேல் நகருமுன், தண்டின் தடித்த பகுதி சுற்றியுள்ள உலோகச் சுவரில் போய் முட்டுகிறது. இடியை வாங்குவது இப்போது மயிரிழை முனை அன்று; தண்டின் தோள். செங்குத்தாக வரும் இடிக்கும் இவ்வாறே வில் மேலெழும்பி இடம் கொடுக்க, தோள் சென்று தாங்கிக்கொள்கிறது. இடி தீர்ந்ததும் யாழ்வில் கிண்ணத்தைச் சரிவின் வழியே இறக்கிப் பழைய நடுவிடத்தில் கொண்டுவந்து வைக்கிறது. இவையெல்லாம் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். தண்டின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் தனித்தனியே இவ்வமைப்பு உண்டு.

நடுவிடத்துக்குத் திரும்புவதே இதில் அரிய செயல் எனலாம். விலகிக் கொடுக்கும் பொருள்கள் உலகில் பல உண்டு. விலகியபின் ஒரு மயிரிழையும் பிசகாமல் பழைய இடத்தில் வந்து நிற்பவை சிலவே. சரிவான இருக்கை இல்லையெனில், ஒவ்வோர் இடிக்குப் பின்னும் சக்கரம் வேறிடத்தில் நின்று, கடிகாரம் வேறு நேரம் சொல்லும்.

இன்னொரு நன்மையும் இதனால் விளைந்தது. யாழ்வில்லைக் குறட்டால் மெல்லத் திறந்தால் கற்கள் இரண்டும் வெளியே வந்துவிடும். துடைத்து, ஒரு துளி எண்ணெயிட்டு, மீண்டும் மூடிவிடலாம். தேயிலைத் தூசி படியும் ஸ்டோரிலும், மூடுபனி இறங்கும் நுவரெலியா மலைகளிலும் புழங்கும் கடிகாரத்துக்கு இது சிறிய உதவி அன்று.

ஜப்பானியரும் பிற்பாடு தத்தம் அமைப்புகளைச் செய்தனர். சைக்கோவினது டயாஷாக், சிட்டிசனுடையது பாராஷாக். சிட்டிசனின் துணையோடு 1961 இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. தொழிற்சாலையின் கடிகார முகங்களிலும் பாராஷாக் என்ற சொல் இடம்பெற்றது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மலையகத்தை விட்டு இந்தியா சென்ற குடும்பங்கள், நீலகிரித் தேயிலைமலைகளில் புதுவாழ்வு தொடங்கிய காலத்தில், அந்நாட்டுக் கடைகளில் விற்ற கடிகாரங்கள் இவை.

கடிகார முகத்தில் இத்தகைய சொல்லைக் கண்டவுடன், இனி எதுவும் செய்யாது என்று எண்ணிவிடுவது பெருந்தவறு. அச்சொல் தரும் வாக்குறுதி எல்லை உடையது. ஐ.எஸ்.ஓ. 1413 என்னும் உலகத் தரவிதி, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கடின மரத்தளத்தில் விழுவதற்கு ஒப்பான இடியையே சோதனைக்கு எடுத்துக்கொள்கிறது. ஊசல்போல் தொங்கும் மூன்று கிலோ எடைச் சம்மட்டி, கடிகாரத்தின் பக்கத்தில் ஒருமுறையும் கண்ணாடியில் ஒருமுறையும் அடிக்கிறது. அதன்பின் அதன் ஓட்டம் முன்னைய அளவிலிருந்து நாளுக்கு 60 விநாடிக்குமேல் மாறாதிருந்தால் தேறியதாகக் கொள்வர். ஆகவே தேறிய கடிகாரமும், அடிபட்டபின் நாளுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் பிசகலாம். மலைச்சரிவின் உச்சியிலிருந்து கருங்கல்மேல் உருண்டு விழுவதற்கு அந்த விதியில் இடமில்லை. மேலும் காக்கப்படுவது பாலன்ஸ் தண்டின் முனைகள்தாம். ஹெயர் ஸ்பிரிங் என்னும் மயிர்ச்சுருளின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். அப்போது கடிகாரம் வெறிகொண்டதுபோல் விரைந்தோடும். முள் கழன்று விழலாம். கண்ணாடி உடையலாம். கை அசைவால் தானே சாவி ஏறும் கடிகாரங்களில், உள்ளே சுழலும் கனமான எடைத்தகடு தன் அச்சையே வருத்தும்.

ஒரே பெரிய வீழ்ச்சியைவிடப் பலர் கருதாமல் விடுவது, ஓயாத சிறு இடிகள். கவ்வாத்து வெட்டுபவரின் கையை எண்ணிப் பார்க்க வேண்டும். முதிர்ந்த தேயிலைக் கிளையின்மேல் கத்தி இறங்கும் ஒவ்வொரு முறையும், வீசிய கை சட்டென்று தடைப்பட்டு நிற்கிறது. ஒருநாள் வேலையில் அப்படி எத்தனை வெட்டு! அந்தக் கையில் கடிகாரம் இருத்தல் ஆகாது. மாற்றுக் கையிலும் வேண்டாம். சட்டைப்பையில், துணியில் சுற்றி வைப்பதே மேல். கை இயந்திரத்தால் வெட்டும் இடங்களில் அதிர்வு இரு கைகளிலும் பரவுவதால் அங்கும் இதுவே பொருந்தும். மலைப்பாதையில் லொறி குலுங்குவது பற்றிச் சிலர் அஞ்சுவதுண்டு. உடலின் தசை அந்தக் குலுக்கலை வாங்கிக்கொள்வதால் கையில் கட்டிய கடிகாரத்துக்கு அதில் பெருந்தீங்கு இல்லை. இரும்புச் சாமான்களோடு பெட்டியில் போட்டு அனுப்பினால்தான் தீங்கு.

1969 ஆம் ஆண்டின் இறுதியில் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்தபின், பாலன்ஸ் சக்கரமே இல்லாத கடிகாரங்கள் உலகை நிறைத்தன. இன்று பலருக்கு நேரம் காட்டுவது கைத்தொலைபேசி. ஆயினும் லயன்களிலுள்ள டிரங்குப் பெட்டிகளில் பாட்டனாரின் கடிகாரம் துணியில் பொதிந்து கிடப்பது உண்டு. எத்தனையோ மாதக் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கியது. ஆகவே எறிய மனம் வராது. அப்படி ஒன்று அகப்பட்டால், ஓடுகிறதா என்று பார்க்க அதைத் தட்டுவதும் உதறுவதும் ஆகா. பல ஆண்டுகளில் எண்ணெய் உலர்ந்து பிசினாகியிருக்கும். அந்த நிலையில் சாவி கொடுத்து ஓட்டினால் முனைகள் தேயும். தேர்ந்த பழுதுபார்ப்பவர் மூடியைத் திறந்து உருப்பெருக்கியால் நோக்கும்போது, பாலன்ஸ் சக்கரத்தின் நடுவே யாழ்வடிவில் ஒரு சிறு வில் தென்பட்டால், அது அதிர்ச்சி தாங்கும் இனம் என்று அறிந்துகொள்வார். தென்படாவிட்டால், கல் நேராகத் தகட்டிலோ திருகாணியால் இறுக்கிய மூடியிலோ அமர்ந்திருக்கக்கூடும். சக்கரத்தை மெல்லத் தள்ளிப் பார்த்து, அது ஒரு பக்கம் சாய்ந்து ஆடினால் முனை ஒடிந்திருக்கிறது என்று கொள்ளலாம். புதுத்தண்டு கடைந்தோ தேடியோ போட வேண்டிவரும். பழைய வகைகளுக்கு அத்தண்டு கிடைப்பது அரிதாகிவருவதால், யாழ்வில் இல்லாத கடிகாரத்தை மேசை ஓரத்தில் வையாமல், மடித்த துணியின்மேல் வைத்தே கழற்றவும் கட்டவும் வேண்டும்.