கவராயமும் கண்ணும்

நேயர்களே, கண்ணாற் காணவேண்டிய அச்செழுத்தைப் பற்றி வானொலியிலே பேச வந்திருப்பது சற்று வேடிக்கைதான். ஆயினும் ஒரு வட்டத்தையும் ஒரு நேர்கோட்டையும் மனத்திலே கீறிக்கொள்ளுங்கள், அது போதும்.

1927ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் பிராங்போட் நகரிலிருந்த பௌவர் எழுத்து வார்ப்பகம் 'பியூச்சுரா' என்னும் உரோமன் அச்செழுத்தை வெளியிட்டது. வரைந்தவர் பவுல் ரென்னர். எழுத்தின் முனைகளிலே வழக்கமாக நீட்டிநிற்கும் சிறு குறுக்குக் கோடுகள் இதில் இல்லை. இதன் மெல்லிய வகையைப் பார்ப்பவர்கள், மாணவன் ஒருவன் கூரிய பென்சிலைக் கொண்டு கவராயத்தாலும் அடிமட்டத்தாலும் கீறியது என்றே எண்ணுவர்.

அங்கேதான் நாம் ஏமாறுகின்றோம். ரென்னரின் தொடக்க வரைபடங்கள் உண்மையிலேயே கவராயத்துக்கு அடிமைப்பட்டவை. சிறிய 'ஆர்' எழுத்தை ஒரு கோடும் அருகே ஒரு புள்ளியுமாக வரைந்தார்! பார்க்கப் புதுமை, படிக்க இடர். அவ்வடிவம் நிலைக்கவில்லை. நிலைத்த வடிவங்களிலே கண்ணே நீதிபதி. சம தடிப்புள்ள கோடுகளுள் கிடைக்கோடே நமக்குத் தடித்ததாகத் தோன்றும். ஆகவே அதனைச் சற்று மெலிதாக்க வேண்டும். வளைவு நேர்கோட்டைத் தொடும் இடத்திலே கருமை திரளும். அங்கே கோட்டை ஒடுக்க வேண்டும். கூரிய உச்சி குட்டையாகத் தோன்றும். அதனைச் சிறிது உயர்த்த வேண்டும். ஒழுங்காகத் தோன்றுவதற்காகவே ஒழுங்கு மீறப்பட்டது.

மெல்லிய எழுத்திலே இவ்வேலை பின்னும் கடினம். தடித்த எழுத்தின் கருமையிலே மறைந்துவிடும் பிழை, மயிரிழை போன்ற கோட்டிலே மறையாது. சுற்றிலும் வெண்மை விட்டுப் பெரிதாக அச்சிட்ட தலைப்புக்கும் அழைப்பிதழுக்கும் அது மிக அழகு. நீண்ட கட்டுரையைச் சிற்றெழுத்திலே அதனாற் கோப்பவரை நான் மெச்சமாட்டேன். வரி வெளிறும், வாசிப்பவர் கண் களைக்கும்.

எழுத்தும் அரசியலுக்குத் தப்பவில்லை. நாசிகளின் கலாசாரக் கொள்கையைக் கண்டித்து 1932இலே நூலொன்று வெளியிட்ட ரென்னர், 1933 ஏப்பிரலிலே கைதானார். மியூனிச் நகரிலே அவர் நடத்திய அச்சுக்கலைப் பள்ளியின் தலைமைப் பதவியும் பறிபோயிற்று. தேசிய எழுத்தென்று நாசிகள் போற்றிய பழைய 'பிரக்டூர்' எழுத்தின் கதி என்ன? யூதர் எழுத்தென்று பொய்க்காரணங் கூறி, 1941 சனவரியிலே அவ்வாட்சியே அதனை விலக்கியது! ரென்னர் 1956இலே காலமானார். 1969இலே அப்பலோ 11 சந்திரனில் விட்டுவந்த உருக்குத் தகட்டின் வாசகம் பியூச்சுராவிலேதான் பொறிக்கப்பட்டிருந்தது.

பெரிதாக அச்சான பியூச்சுராத் தலைப்பொன்று கைக்கு அகப்பட்டால், பெரிய 'எச்' எழுத்தின் தலையோடு அடிமட்டத்தைப் பொருத்திப் பாருங்கள். அருகிலுள்ள 'ஏ'யின் உச்சி அதற்கு மேலே எட்டிப் பார்க்கும்.