பனியன் தெருச் சுரூபங்கள்

கலை பற்றி ஏதாவது பேசுங்கள் என்று மட்டும்தான் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவை நிறுவிய குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். கலை என்றதும் தஞ்சாவூருக்கும் மாமல்லபுரத்துக்கும் ஓடிப்போவது நம் பழக்கம். நான் நம் திருப்பூர் மண்ணரையிலேயே நிற்கிறேன். பனியன் கம்பெனி வாசல், மளிகைக் கடைக் கல்லா, லைன் வீட்டுச் சுவர்மாடம் என்று நாம் தினமும் கடந்துபோகிற இடங்களில் இருக்கும் மாதா, அந்தோணியார், சூசையப்பர் சுரூபங்களைப் பற்றித்தான் பேச்சு. நான் கத்தோலிக்கன் அல்லன். பார்த்துப் பார்த்துப் பிடித்துப்போனதைச் சொல்ல வந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

கலை படித்தவர்கள் இவற்றைச் சீந்துவதில்லை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், அச்சு, ஸ்பிரே பெயிண்ட், ஆயிரம் வீட்டில் ஒரே முகம் என்பார்கள். இந்த ஏளனம் பழையது. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் புனித சுல்பிஸ் ஆலயத்தைச் சுற்றியிருந்த கடைகளில் இவ்வகைச் சுரூபங்கள் மலிவாக விற்றன. அந்த வட்டாரத்தின் பெயரைச் சொல்லியே பிரெஞ்சு விமர்சகர்கள் இவற்றைப் பழித்தார்கள். கோவை மறைமாவட்டத்தை வளர்த்தெடுத்த பாரிஸ் அந்நிய வேதபோதக சபையின் தலைமையகம் அந்தக் கடைகளிலிருந்து நடந்து போகும் தூரம். நமக்குப் பக்கத்துக் கருமத்தம்பட்டியில் 1846இல் ஆயராகத் திருநிலை பெற்ற மரியோன் பிரெசில்லாக் அந்தச் சபைக் குருதான். கொங்கு நாட்டு மாதாவின் கன்னத்தில் பிரெஞ்சுச் சாயல் தெரிந்தால் வியக்க ஒன்றுமில்லை.

ஒரே அச்சு என்பதால் மட்டமா? வேறு யார் கேட்டாலும் திருப்பூர்க்காரர் இதைக் கேட்கக்கூடாது. ஒரே பேட்டர்னை வைத்து கட்டிங் மாஸ்டர் வெட்டித் தள்ளிய டி-ஷர்ட்தான். ஒருவர் உடம்பில் ஏறி, பத்துத் துவைப்பு கண்டு, தோளில் ஒரு கறையும் பட்டுவிட்டால் அது அவருடையது, இன்னொருவருடையது ஆகாது. சுரூபமும் அச்சை விட்டு வரும்போது பாதிதான் முடிந்திருக்கிறது. மீதியை வைத்திருப்பவர் செய்கிறார்.

மண்ணரையில் ஒரு கம்பெனி வாசலில் ஒரு முழ உயர அந்தோணியார் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறார். பழுப்பு அங்கி, இடுப்பில் கயிறு, கையில் புத்தகம், புத்தகத்தின்மேல் குழந்தை இயேசு. பிளாஸ்டர் சுரூபத்தில் முதலில் போவது விரல்தான். மெல்லிய பாகம், லேசாகத் தட்டினாலே உடையும். இவருக்கும் ஒரு விரல் போயிருக்கிறது. எம்-சீல் வைத்து யாரோ உருட்டி ஒட்டியிருக்கிறார்கள். மற்ற விரல்களைவிட அது கொஞ்சம் தடிமன். கையிலிருந்த லீலி மலர் எப்போதோ ஒடிந்து, பிளாஸ்டிக் பூ வந்துவிட்டது. அங்கியின் பழுப்பில் ஒரு பகுதி மட்டும் கம்பெனி கேட்டின் நிறத்தில் பளபளக்கிறது. மிச்சப் பெயிண்ட் எங்கே போனது என்று விசாரிக்கத் தேவையில்லை. பெட்டிக்குள்ளும் பஞ்சுத் தூசி புகுந்துவிடுகிறது. செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு உரிய நாள் என்பதால் அன்றைக்குத் துடைத்துவிடுகிறார்கள். காலை ஷிஃப்டுக்கு வருகிற பெண்கள் கண்ணாடியைத் தொட்டுக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு ஓவர்லாக் மெஷினுக்குப் போகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் நெற்றியில் குங்குமம். 1231இல் பதுவையில் இறந்த லிஸ்பன்காரருக்கு மண்ணரையில் இப்படி ஒரு சொந்தம்.

இது சிலை வழிபாடுதானே என்று எப்போதும் ஒருவர் கேட்பார். உருவத்துக்குச் செய்யும் வணக்கம் அந்த உருவத்துக்கு உரியவரைச் சேர்கிறது என்று 787இல் இரண்டாம் நிசேயா திருச்சங்கம் சொல்லி முடித்துவிட்ட வழக்கு அது. கண்ணாடியைத் தொடும் பெண்களுக்கு அந்தத் தீர்ப்பு தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

நம்மவர்கள் மீதியைச் செய்ததில் பெரிய செயல் புடவை. தூத்துக்குடிப் பனிமய மாதா 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தவர் என்பது மரபு. கோணான்குப்பம் பெரியநாயகி மாதாவுக்கோ, தமிழ்ப் பெண்ணின் உடையில் மாதாவை வரையச் செய்து, மணிலாவுக்கு அனுப்பி, அதன்படியே சுரூபம் செய்து வரவழைத்தார் வீரமாமுனிவர் என்பது வழிவழியாக வரும் செய்தி. வேளாங்கண்ணியில் மாதாவுக்குப் புடவை சாத்தாத நாளை நினைத்துப் பார்க்கவே முடியாது. துணியை நம்பிப் பிழைக்கும் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. பிளாஸ்டரில் வார்த்த மடிப்பு அசையாது, கட்டிய புடவையின் மடிப்பு காற்றில் அசையும்.

வீரமாமுனிவரைச் சொன்னபின் சூசையப்பரை விட முடியாது. 1726இல் எழுந்த தேம்பாவணியின் தலைவன் அவர். வளன் என்று பெயரிட்டு ஒரு தச்சரைக் காப்பிய நாயகனாக்கினார் முனிவர். மே தினத்தைத் தொழிலாளரான சூசையப்பரின் விழாவாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955இல் அறிவித்தார். இவ்வளவு கௌரவம் இருந்தும் நம் ஊரில் அவர் மாதாவுக்கும் அந்தோணியாருக்கும் பின்னால்தான். சமீப ஆண்டுகளில் ஒரு புது வடிவம் வந்திருக்கிறது: தூங்கும் சூசையப்பர். கனவில் தேவதூதர் சொல்லக் கேட்டு எழுந்து செயல்பட்டவர் என்ற விவிலியச் செய்திதான் இதன் அடிப்படை. தம் மேசையில் அப்படி ஒரு சுரூபம் இருப்பதையும், சிக்கல் வந்தால் சீட்டில் எழுதி அதன் அடியில் வைப்பதையும் 2015இல் மணிலாவில் திருத்தந்தை பிரான்சிஸ் சொன்னபின் அது உலகெங்கும் பரவியது. ஒன்றரை ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து படுக்கிறவரின் அலமாரியில் படுத்திருக்கும் புனிதரைப் பார்க்க எனக்கு நிறைவாக இருக்கிறது. இந்த ஊருக்கு இவரைவிடப் பொருத்தமான காவலர் கிடையாது.

அச்சு அசலைப் போல இல்லையே என்பவர்களுக்கு லூர்து நகரின் கதையைச் சொல்வேன். 1858இல் காட்சி கண்டவர் பெர்னதெத் என்ற சிறுமி. அவர் சொன்னதைக் கேட்டுச் சிற்பி ஃபபீஷ் செதுக்கிய சுரூபம் 1864இல் குகையில் வைக்கப்பட்டது. உயரமும் வயதும் கூடிவிட்டன, தான் கண்டது இதுவல்ல என்பதே பெர்னதெத்தின் எண்ணம். கண்டவரே ஒப்புக்கொள்ளாத அந்த வெள்ளை அங்கியும் நீலக் கச்சையும்தான் இன்று தமிழ்நாட்டின் கெபிகள் எனப்படும் குகை மாடங்களில் எல்லாம் நிற்கின்றன. ஒற்றுமை பார்த்தா மக்கள் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள்?

நிறைவாக ஒரு வேண்டுகோள். இப்போது ஃபைபர் சுரூபங்கள் வந்துவிட்டன. கனமில்லை, விரல் உடைவதில்லை. பழைய பிளாஸ்டரும் மரமும் இடத்தைக் காலி செய்கின்றன. மாற்ற வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. மாற்றுவதற்கு முன் பழையதை முன்னும் பின்னும் ஒரு படம் எடுங்கள். யார் கொடுத்தது, எந்த ஆண்டு மந்திரித்தது, எந்த விரலை யார் ஒட்டியது என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதிப் பங்கு அலுவலகத்தில் கொடுங்கள். மரச் சுரூபமாக இருந்தால் பெயிண்ட் டப்பாவைத் திறக்குமுன் விஷயம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.