புல்லுக்கு ஒரு துண்டு நிலம்

கேகாலை மாவட்டத்தில் எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவர்களுக்கு, வீட்டில் பசு இருந்தால், பிற்பகலில் இன்னொரு வேலை காத்திருக்கிறது. இரத்தினபுரி மாவட்டத்து இறக்குவானை, பலாங்கொடைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுத்து முடித்த பிறகே அதற்குப் புறப்பட முடியும். அட்டைக்கடியோடு ரோட்டோரத்திலும் ஓடைக்கரையிலும் கினிப்புல் அறுத்து, கட்டைத் தலையில் சுமந்து லயத்துக்கு வந்து சேரும்போது இருட்டிவிடும்.

பசுவின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு பச்சைப்புல் அன்றாடம் வேண்டும். 400 கிலோ பசுவுக்கு 40 கிலோ. புல் குறைந்தால் பால் குறையும். தீவனம் வாங்கி ஈடுகட்டினால் பால் காசு கடைக்கே போய்விடும்.

வீட்டருகே புல் நட வழி இருக்கிறது. கம்பையும் நேப்பியர் புல்லையும் கலந்து கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கோ-3 புல் இலங்கையில் பரவலாக நடப்படுகிறது. இரண்டு மூன்று கணுவுள்ள தண்டை ஊன்றினால் இரண்டரை மாதத்தில் முதல் அறுப்பு, பிறகு ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை. ஹெக்டெயருக்கு ஆண்டுக்கு 200 தொன் என்று குறைத்தே வைத்தாலும் ஒரு பேர்ச்சில் 500 கிலோ கிடைக்கும். அந்தக் கணக்கில் ஒரு பசுவுக்கு ஏறக்குறைய 30 பேர்ச் வேண்டும். தோட்டக் குடும்பத்துக்கு வீடு கட்டவென்று பேசப்பட்டதே 7 பேர்ச்!

தண்டுக்கு அதிகச் செலவில்லை. உழைப்பும் சாணமும்தான் முதலீடு. கோ-3 மண்ணின் சத்தை வேகமாக இழுக்கும். எரு போடாவிட்டால் மெலிந்துவிடும். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோது சாணத்தின் மதிப்பு எல்லாருக்கும் தெரிந்தது. விற்றால் காசாகும் சாணத்தை, அடுத்த ஆண்டு தன் கையில் இருக்குமா என்று தெரியாத நிலத்தில் யார் கொட்டுவார்கள்? புல் நடச் சொல்லும் ஆலோசனைகள் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் பேச வேண்டியிருக்கிறது.

தோட்ட நிர்வாகமும் புல் நடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில், மறுநடுகைக்கு முன் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் குவாத்தமாலாப் புல்லோ மானாப்புல்லோ வளர்க்கிறார்கள். அறுத்த புல்லை அங்கேயே பரப்பி மண்ணைத் தேற்றுகிறார்கள். அத்தனை காலமும் அந்த மலையில் ஒரு கொழுந்து வருமானம் கிடையாது. ஆனாலும் செய்கிறார்கள்; ஏனென்றால் 1992இல் தோட்டங்களைப் பொறுப்பேற்ற கம்பனிகளுக்குக் குத்தகை 2045 வரை இருக்கிறது. காத்திருக்க அவர்களால் முடியும்.

லயத்துக் குடும்பமோ, நிலத்தைக் கைவிட நேர்ந்தால் எவ்வளவு போகும் என்று பார்த்தே கையை வைக்கிறது. அதனால்தான் கிளிரிசிடியா அவர்களுக்குத் தோதானது. அரசு தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த பெருந்தோட்டப் பயிராக அறிவித்த மரம் அது. வேலியோரத்தில் கம்பை ஊன்றினால் துளிர்க்கும். தனி நிலம் வேண்டாம். இலையில் புரதம் நிறைய. புல்லோடு கலந்து போட்டால் தீவனச் செலவு குறையும்.

வேலி இலையால் மட்டும் பசுவின் வயிறு நிறையாது. தேயிலை பயிரிட முடியாத சரிவுகளும் தரிசுத் துண்டுகளும் தோட்டங்களில் கிடக்கின்றன. மண் சரியாத இடமாகப் பார்த்து, மாடு வளர்க்கும் குடும்பங்களுக்கு ஐந்தாண்டுக்குப் புல் நட அனுமதி என்று நிர்வாகம் ஒரு கடதாசியில் எழுதிக் கொடுக்கலாம். வாய்ச்சொல் போதாது; துரை மாறினாலும் செல்லுபடியாகிற கடதாசி வேண்டும்.