கறவை மாட்டுக்கு ஊசி போட்டால் பால் வற்றுமா?

(தோட்டத்து மாடு வளர்ப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கால் வாய் நோய்க்கு ஊசி போட வருகிற அன்று, சிலர் கறவை மாட்டை மட்டும் மறைத்துக் கட்டுகிறார்கள். கேட்டால், "ஊசி போட்டா பால் வத்திடுமுங்க" என்கிறார்கள். பால் காசை நம்பித்தான் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்குகிறோம். அதனால் அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கணக்கைச் சரியாகப் பார்ப்போம்.

ஊசி போட்டதும் மாட்டின் உடம்பு நோயை எதிர்க்கும் சக்தியை உண்டாக்கத் தொடங்கும். அப்போது லேசான காய்ச்சல் வரலாம். மாடு தீனியைக் குறைக்கும், பாலும் குறையும். இது இரண்டு மூன்று நாள் சங்கதிதான். பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் பால் பழையபடி வந்துவிடும். நாளுக்கு அரை லீற்றர் வீதம் நான்கு நாள் குறைந்தாலும் நட்டம் 2 லீற்றர்தான்.

நோய் வந்தால் என்ன ஆகும்? வாயும் குளம்பும் புண்ணாகி, மாடு தின்னாது, நடக்காது. பால் பல கிழமைக்குக் குறையும். சில மாடுகளுக்குப் பழைய கறவை திரும்பாது. இளங்கன்று செத்தும் போகும். 2014இல் நம் நாட்டின் பல மாவட்டங்களில் இந்நோய் பரவியது நினைவிருக்கும்.

ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்தால் பிதுக்க வேண்டாம், மெல்ல வற்றும். இந்த ஊசிக்காகப் பாலைக் கொட்ட வேண்டியதில்லை. வழமைபோலக் காய்ச்சிக் குடிக்கலாம், விற்கலாம். மடிவீக்கத்துக்குப் போடும் மருந்தூசி வேறு. அதற்கு மிருக வைத்தியர் சொல்லும் நாள்வரை பாலை விற்கவும் கூடாது, குடிக்கவும் கூடாது.

கவனிக்க வேண்டியவை:

• காலைப் பால் கறந்த பின் ஊசி போடுங்கள்.
• சுகமில்லாத மாடு, நிறைசினை மாடு என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். சினை மாட்டை விரட்டிப் பிடிக்காதீர்கள்.
• ஊசி போட்டு ஒரு மணி நேரம் பக்கத்தில் இருங்கள். முகம் வீங்கினால், மூச்சு வாங்கினால் உடனே வைத்தியரைக் கூப்பிடுங்கள். இது அபூர்வம், ஆனால் தாமதித்தால் ஆபத்து.
• தண்ணீரும் பசும்புல்லும் தாராளமாகக் கொடுங்கள்.
• காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நின்றால் அறிவியுங்கள்.

முதல்முறை ஊசி போட்ட மாட்டுக்கு, வைத்தியர் சொல்லும் திகதியில் இரண்டாவது ஊசியும் அவசியம். ஒரு பட்டியில் ஒரு மாட்டை மறைத்தால், நோய் நுழைய அந்த வாசலே போதும். அடுத்த முறை எல்லா மாட்டையும் பட்டியிலேயே கட்டி வையுங்கள்.